பெயர் சொல்லாத வாசிப்பு: ஸ்பானிய உலகில் மாக்கியவெல்லி

1

ஒரு சிந்தனையாளர் வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். எந்த வருடம் மொழிபெயர்ப்பு வந்தது, யார் யார் மேற்கோள் காட்டினார்கள், யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். கடைசியில் கூட்டிக் கழித்து 'தாக்கம் உண்டு' அல்லது 'தாக்கம் இல்லை' என்று ஒரு தீர்ப்பு. ஸ்பெயினில் மாக்கியவெல்லி விஷயத்தில் இந்தக் கணக்கைப் போட்டால் விடை சுலபமாக வந்துவிடும். கத்தோலிக்க ஸ்பெயின் அவரை நிராகரித்தது, மறுப்பு நூல்களாக எழுதித் தள்ளியது, முடிந்தது கதை. எனக்கு இந்த விடைமேல் அல்ல, இந்தக் கணக்குமேலேயே சந்தேகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. ஆங்கிலம் வழியாகக் கிடைத்ததைத்தான் வாசித்திருக்கிறேன். நம்மில் பலரையும் போல, லத்தீன் அமெரிக்க நாவல்களில் வருகிற சர்வாதிகாரிகளைப் பின்தொடர்ந்து போய்த்தான் இந்த உலகத்துக்குள் நுழைந்தேன். ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் துப்பாக்கி என்று நிற்கிற அந்த ஆட்கள் பேசுகிற பாஷை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் 16ஆம் நூற்றாண்டில் நிறுத்தியது. நிறுத்திய வருடம் 1552.

அந்த வருடம் மெதினா தெல் காம்போ என்ற சந்தை ஊரில் ஒரு புத்தகம் அச்சாகிறது. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியை முன்வைத்து மாக்கியவெல்லி எழுதிய 'உரைகள்' நூலின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. செய்தவர் ஹுவான் லொரென்ஸோ ஒத்தெவாந்தி. அதே வருடம் தெற்கே செவில் நகரத்தில் இன்னொரு புத்தகம் அச்சாகிறது. பர்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ் என்ற தொமினிக்கன் சபைத் துறவி எழுதிய 'இந்தியாக்களின் அழிவு பற்றிய மிகச் சுருக்கமான விவரணை'. ('இந்தியாக்கள்' என்றால் அமெரிக்கா, ஸ்பெயின் அன்று அப்படித்தான் அழைத்தது.) இரண்டு புத்தகங்களும் ஒரே ஆளைப் பார்த்துப் பேசுகின்றன. இளவரசர் பிலிப். வயது 25. நான்கு வருடம் கழித்து இரண்டாம் பிலிப் என்ற பெயரில் பட்டத்துக்கு வரப்போகிறவர்.

அதிகாரத்தைப் பிடிப்பதும் காப்பதும் விரிப்பதும் எப்படி என்று ஒரு புத்தகம் பேசுகிறது. அப்படிப் பிடித்த இடத்தில் மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று மற்றது பேசுகிறது. ஸ்பானிய அரசியல் சிந்தனையின் அடுத்த நூறு வருடப் பிரதிகள் இந்த இரண்டையும் அநேகமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. அது ஏன் என்பதுதான் இங்கே விஷயம்.

2

தடையின் தேதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். 1559ல் ரோமில் நான்காம் பவுல் போப் வெளியிட்ட தடைநூல் பட்டியல் மாக்கியவெல்லி எழுதிய அத்தனையையும் தடை செய்தது. ஆனால் ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் அதே 1559ல் வெளியிட்ட சொந்தப் பட்டியலில் மாக்கியவெல்லி இல்லை. ஸ்பானியப் பட்டியலுக்குள் அவர் வருவது 1583ல், விசாரணை மன்றத் தலைவர் காஸ்பர் தெ கிரோகாவின் காலத்தில். இடையில் 24 வருடம். ஒத்தெவாந்தியின் மொழிபெயர்ப்பு 1555ல் மறுபடியும் அச்சேறியிருக்கிறது. ஆக, 'வாசலிலேயே விரட்டிவிட்டார்கள்' என்பது பிந்தி வந்த கதை. உள்ளே வரவிட்டு, உட்கார வைத்து, பேச்சுக் கேட்ட பிறகுதான் வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே போகச் சொன்ன பிறகு ஒரு விசித்திரமான நிலைமை உருவாகிறது. மாக்கியவெல்லியின் பெயரைச் சொல்லலாம், ஆனால் திட்டுவதற்காக மட்டும்தான் சொல்லலாம். திட்டத் தோன்றாதவர்கள் வேறு பெயரைத் தேடிக்கொள்ள வேண்டும். ஹோசே அந்தோனியோ மரவால், எலெனா புய்க்தொமெனெக் போன்ற ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டில் தோண்டித் தோண்டிக் காட்டியது இதைத்தான்: தடைக்கு முன்னும் பின்னும் ஸ்பெயினில் அவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அதோடு சேர்க்க விரும்புவது ஒன்று. ஸ்பெயின் மாக்கியவெல்லியை ஏற்றதா என்று கேட்பதற்கு முன்னால், மாக்கியவெல்லி ஸ்பெயினை எங்கே வாசித்தார் என்று கேட்க வேண்டும்.

3

'இளவரசன்' எழுதப்பட்டது 1513ல். அச்சானது 1532ல், ஆசிரியர் செத்து ஐந்து வருடம் கழித்து. அதன் 21ஆம் அத்தியாயத்தில் புது மாதிரி அரசனுக்கு உதாரணமாக வருகிறவர் யார்? அப்போது உயிரோடு இருந்த ஸ்பெயின் அரசர், 'கத்தோலிக்கர்' என்று பட்டம் பெற்ற ஃபெர்டினாண்ட். பலவீனமான சிற்றரசராக ஆரம்பித்துக் கிறிஸ்தவ உலகின் முதல் அரசராக உயர்ந்தவர். கிரானடா மேல் படையெடுத்து அதில் தன் பிரபுக்களின் கவனத்தைக் கட்டிப்போட்டு, திருச்சபையின் பணத்திலும் மக்களின் பணத்திலும் சேனையை வளர்த்தவர். மதத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு 'மர்ரானோக்கள்' என்று அழைக்கப்பட்ட யூத வம்சத்தாரை விரட்டியவர். அதே போர்வையோடு ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் என்று அடுத்தடுத்துக் கை வைத்தவர். அந்த விரட்டலைக் குறிப்பிடும்போது மாக்கியவெல்லி பக்தியையும் கொடூரத்தையும் ஒரே தொடருக்குள் முடிந்துவைக்கிறார். 18ஆம் அத்தியாயத்தில் இன்னொரு அரசர் வருகிறார். வாயைத் திறந்தால் சமாதானம், நம்பிக்கை; செய்கையில் இரண்டுக்கும் எதிரி. பெயரைச் சொல்வது நல்லதல்ல என்று மாக்கியவெல்லி விட்டுவிடுகிறார். அதுவும் ஃபெர்டினாண்ட்தான் என்று அநேகமாக எல்லா வாசகர்களும் கொள்கிறார்கள்.

ஆக, ஸ்பெயினுக்குள் பின்னால் 'அன்னியப் பேய்' என்று விரட்டப்பட்ட பிரதியின் உடம்பில் ஓடியது ஸ்பானிய ரத்தம். இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்கு ஒரு கருத்து 'வந்தது' என்ற அம்புக்குறியை இங்கே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

அதே 1513ஐ ஒட்டி ஃபெர்டினாண்டின் அரசவையில் இன்னொரு பிரதி தயாராகிறது. பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட அறிஞர் எழுதியது. பெயர் 'ரெகெரிமியெந்தோ', கோரிக்கை, அல்லது இறுதி அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாக்களில் சண்டைக்கு முன் அங்குள்ள மக்களிடம் உரக்க வாசிக்க வேண்டிய பத்திரம். கடவுள் உலகத்தைப் படைத்தார், போப்பாண்டவர் இந்த நிலங்களை எங்கள் அரசருக்குக் கொடுத்தார், பணியுங்கள். பணியாவிட்டால் யுத்தம், அடிமைத்தனம். வருகிற சாவுகளுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு. வாசிக்கப்பட்டது கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில். 1514ல் பெத்ராரியாஸின் படையோடு போன ஒவியெதோ, ஆளே இல்லாத கிராமத்தில் இதை வாசித்த கதையைத் தானே கேலியாக எழுதி வைத்திருக்கிறார். இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை என்பது லாஸ் காஸாஸின் நிலை.

இரண்டு பிரதிகளையும் சேர்த்து வாசியுங்கள். மதப் போர்வையைப் போர்த்திக்கொள் என்று ஒன்று அரசனின் காதில் ஓதுகிறது. மற்றது அந்தப் போர்வையேதான். மடித்து, முத்திரை வைத்து, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாசித்திருக்க வாய்ப்பில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை.

ஹெர்னான் கொர்தேஸையும் 'மாக்கியவெல்லியின் சீடர்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தேதிகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. டெனோச்டிட்லான் விழுந்தது 1521ல். 'இளவரசன்' அச்சானது பதினொரு வருடம் கழித்து. மெக்ஸிகர்களுக்கும் ட்லாஸ்கலா மக்களுக்கும் இருந்த பகை தனக்கு எவ்வளவு வசதி என்பதை 1520ல் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் கொர்தேஸ் மறைக்கவில்லை. துணைக்கு அவர் அழைப்பது எந்த ஃப்ளாரன்ஸ்காரரையும் இல்லை. பிளவுபட்ட ராஜ்யம் பாழாகும் என்கிற சுவிசேஷத்தை. நடைமுறை முன்னாலேயே இருந்தது. கோட்பாடு பின்னால் வந்து அதற்குப் பெயர் வைத்தது. பெயர் வைத்ததுதான் குற்றமாகிப் போனது.

4

மறுப்பாளர்களை லேசாக எடைபோடக் கூடாது. அவர்களில் முக்கியமானவர் இயேசு சபையின் பெத்ரோ தெ ரிபதெனெய்ரா. இக்னேஷியஸ் லொயோலாவின் வாழ்க்கையை எழுதியவர். 1588ல் இங்கிலாந்துமேல் போன அர்மதா கப்பற்படை வீரர்களுக்கு வீர உரை எழுதிக் கொடுத்தவர். அந்தப் படை சிதைந்து திரும்பியது. மறுவருடமே துன்பம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1595ல் வந்தது கிறிஸ்தவ இளவரசன் பற்றிய நூல். மாக்கியவெல்லிக்கும் அக்காலத்து 'அரசியல்வாதி'களுக்கும் எதிரானது என்று தலைப்பிலேயே அறிவிக்கிற நூல். 'அரசியல்வாதி' என்பது அன்று வசைச்சொல். அரசின் வசதிக்காக மதத்தை வளைப்பவன் என்று பொருள்.

ரிபதெனெய்ராவுக்கு இது வெறும் சபைக் கடமை இல்லை. கடவுள் பக்கம் நின்றும் தோற்றிருக்கிறோமே என்ற காயம் உள்ளே இருக்கிறது. கிறிஸ்தவம் மனிதர்களை உலக விவகாரத்தில் பலவீனமாக்கிவிட்டது என்று 'உரைகள்' சொல்லியிருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் தூங்க முடியாத ஒரு மனிதரை இங்கே பார்க்கிறேன். அவருடைய பதில்: ராஜாங்க நியாயம் இரண்டு வகை. ஒன்று பொய், பேய்த்தனம். மதத்தை அரசுக்கு வேலைக்காரியாக்குவது. மற்றது உண்மையானது, தெய்வீகமானது. அரசை மதத்துக்குக் கீழே வைப்பது.

இங்கேதான் கதவு திறக்கிறது. 'ராஜாங்க நியாயம்' என்ற ஒன்று உண்டு என்பதை எதிராளியிடமிருந்து அவர் வாங்கிக்கொண்டாயிற்று. அடுத்து, இளவரசன் பொய் சொல்லலாமா? கூடாது. தெரிந்ததை வெளிக்காட்டாமல் மறைத்து நடக்கலாமா? அவசியத்துக்கு, அளவோடு, நல்ல காரியத்துக்கு என்றால் நடக்கலாம். பொய்த்தோற்றம் பாவம், மறைத்தல் விவேகம். இந்த மெல்லிய கோட்டின் மேல் அடுத்த ஐம்பது வருட ஸ்பானிய அரசியல் எழுத்து மொத்தமும் கழைக்கூத்து ஆடியது. எதிரியை மறுக்கப் போனவர் எதிரியின் கேள்விகளையே தன் அத்தியாயத் தலைப்புகளாக்கிக்கொண்டார். மறுப்பும் ஒரு ஏற்புதான் என்று சொன்னால் ரிபதெனெய்ரா கோபித்துக்கொள்வார். ஆனாலும் பிரதி அதைத்தான் சொல்கிறது.

5

திட்டத் தோன்றாதவர்கள் தேடிக்கொண்ட வேறு பெயர் டாஸிட்டஸ். கொடுங்கோல் பேரரசர்களின் அரண்மனை ரகசியங்களை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர். பழங்காலத்தவர், லத்தீன் படித்தவர்களின் மரியாதைக்குரியவர், தடையில்லை. அரண்மனைச் சூழ்ச்சி, பயம், மறைத்தல் என்று எதைப் பேச வேண்டுமானாலும் 'டாஸிட்டஸ் சொன்னார்' என்று பேசலாம்.

பல்தஸார் ஆலாமோஸ் தெ பாரியென்தோஸ் இதைச் செய்தவர்களில் குறிப்பிடத்தக்கவர். இரண்டாம் பிலிப்பின் செயலராக இருந்து அரசரோடு பகைத்துக்கொண்டு தப்பியோடிய அந்தோனியோ பெரெஸின் நண்பர். அந்த நட்புக்காகச் சிறையில் கிடந்தார். சிறையில் டாஸிட்டஸை மொழிபெயர்த்து, ஓரங்களில் அரசியல் சூத்திரங்களாக எழுதி நிரப்பினார். 1614ல் அது அச்சானது. வரலாற்றிலிருந்து மனித நடத்தையின் விதிகளைப் பிழிந்தெடுத்து, அரசியலை மருத்துவம் போல ஒரு அறிவுத்துறையாக ஆக்கலாம் என்ற எண்ணம் அதில் ஓடுகிறது. 'உரைகள்' செய்ய முனைந்ததும் இதே காரியம்தான்; லிவி இருந்த இடத்தில் டாஸிட்டஸ், அவ்வளவுதான் வித்தியாசம். அரசரின் சிறையில் கிடந்தவன் அரசர்களின் ரகசியம் பற்றி எழுதுகிறான் என்றால், அதற்குள் ஒரு தனிப்பட்ட வலி இருக்கும். ஓரக்குறிப்பில் எழுதினால் யாருடைய குரல் என்று சொல்ல வேண்டியதில்லை. தடைக்கு உள்ளே வாழ்கிறவர்களுக்கு ஓரம் ரொம்பப் பாதுகாப்பான இடம்.

பல்தஸார் கிராசியானிடம் வரும்போது ஆட்டம் முற்றிப்போகிறது. இவரும் இயேசு சபைக்காரர். 'எல் கிரித்திகோன்' நாவலில் சந்தையில் வித்தை காட்டி ஜனங்களை ஏமாற்றுகிற ஒரு ஜாலக்காரனைக் காட்டி, அவன்தான் மாக்கியவெல்லி என்று அடையாளம் சொல்கிறார். 1647ல் வந்த அவருடைய 300 சூத்திரங்கள் கொண்ட கையேட்டைத் திறந்தாலோ, உன் நோக்கத்தை மறை, எதிர்பார்ப்பைத் தொங்கவிடு, ஆட்களை அளந்து பார் என்று அதே சந்தையின் சரக்கு. அரசனுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லியாயிற்று. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1640ல் வந்த 'அரசியலாளர்' நூல். அரசர்களிலெல்லாம் பெரிய அரசராக கிராசியான் அதில் நிறுத்துவது யாரை? ஃபெர்டினாண்டை! ராஜதந்திரி ஸாவெத்ரா ஃபஹார்தோவும் 1631லேயே ஃபெர்டினாண்டின் ராஜாங்க நியாயம் பற்றி எழுதியிருந்தார். மாக்கியவெல்லி யாரைப் பார்த்து எழுதினாரோ, அதே முகத்தை அவரைத் திட்டிக்கொண்டே வரைந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வரியைத் துடைத்துவிட்டார்கள். பக்தி போர்வையாக இருந்தது என்ற வரியை.

6

இந்த மறுப்பு இலக்கியம் எதை மறைக்க உதவியது? அரசியல் தீமைக்கு ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது. தீமை என்பது ஃப்ளாரன்ஸ் சரக்கு. பிறகு பிரெஞ்சு, ஆங்கிலப் புறச்சமயிகளின் சரக்கு. அது அன்னியக் கோட்பாடு என்றானபின், சொந்த நடைமுறையில் அதைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. ஸாவெத்ரா ஃபஹார்தோ 1640ல் மியூனிக்கில் வெளியிட்ட சின்னங்களின் நூலில் 69ஆவது சின்னம் இரும்பும் பொன்னும் பற்றியது. பொத்தோஸியின் வெள்ளி ஸ்பெயினின் உழவையும் உழைப்பையும் கெடுத்துவிட்டது என்று நேர்மையாக எழுதுகிறார். இந்தியாக்கள் அங்கே செல்வமாக, செல்வத்தின் நோயாக வருகின்றன. வெள்ளியை வெட்டியவர்கள் இளவரசனின் மனசாட்சிக்கு முன்னால் பிரதானக் கேள்வியாக வந்து நிற்பதில்லை.

இன்னும் துலக்கமான சாட்சி அந்தோனியோ தெ ஹெர்ரேரா. 'ராஜாங்க நியாயம்' என்ற சொல்லைப் புத்தகத் தலைப்பாக்கிய இத்தாலியர் பொத்தேரோவை 1593ல் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் இவர். 1596ல் இவரையே இந்தியாக்களின் தலைமை வரலாற்றாசிரியராக அரசர் நியமிக்கிறார். லாஸ் காஸாஸின் அச்சேறாத 'இந்தியாக்களின் வரலாறு' கையெழுத்துப்படி இவர் மேசையில் இருந்தது. அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, கூர்முனைகளை மழுக்கி, 1601 முதல் 1615 வரை அதிகாரபூர்வ வரலாற்றை எழுதி முடித்தார். மூல நூல் அச்சாக 1875 வரை காத்திருந்தது. 1552ல் தனித்தனியாக வந்த இரண்டு புத்தகங்களின் மரபுகளும் சந்தித்த ஓர் இடம் உண்டென்றால் ஹெர்ரேராவின் மேசைதான். அங்கே ஒன்று மற்றதைத் தின்றுவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'எல்லாம் வேஷம், மாக்கியவெல்லியாவது உண்மையைப் போட்டு உடைத்தார்' என்று முடித்துக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. 1542ல் இந்தியர்களை அடிமையாக்குவதைத் தடுக்கிற புதிய சட்டங்கள் வந்தன. 1550 ஏப்ரலில் பேரரசர் சார்லஸ் புதிய படையெடுப்புகளை நிறுத்திவைக்க உத்தரவிட்டார். அதே வருடம் வல்லதோலித் நகரத்தில் அறிஞர்களைக் கூட்டி, இந்த யுத்தங்கள் நியாயமா என்று விவாதிக்கவிட்டார். செபுல்வெதா ஒரு பக்கம், லாஸ் காஸாஸ் மறுபக்கம். இதில் மறுமலர்ச்சியின் அசல் பிள்ளை செபுல்வெதாதான். பொலோன்யாவில் படித்தவர், அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலை லத்தீனில் புதிதாகத் தந்தவர். இயற்கையிலேயே அடிமையானவர்கள் உண்டு என்று வாதாடியவரும் அவர்தான். அவர் நூலை ஸ்பெயினில் அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. லாஸ் காஸாஸ் எடுத்து வீசியது பழைய திருச்சபைச் சட்டத்தையும் வேதத்தையும்.

யோசித்துப் பாருங்கள். அரசர் தன்னைக் 'கத்தோலிக்கர்' என்று சொல்லிக்கொண்டதால்தானே, 'நீர் செய்வது கத்தோலிக்கமா' என்று ஒரு துறவி கேட்க முடிந்தது? போர்வை இருந்ததால்தான் அதைப் பிடித்து இழுக்க முடிந்தது. வெறும் பலம் மட்டுமே பேசுகிற அரசிடம் பிடித்து இழுக்க எதுவும் இருக்காது. வேஷத்துக்கும் ஒரு பயன் உண்டு. வேஷத்தை நம்புகிற ஒருவன் வந்து அதன்படி நட என்று கேட்கிற வரைக்கும். ரிபதெனெய்ராவுக்குப் பின் வந்த மரபில் குறைந்துபோனது இந்தக் கேட்பு. இளவரசனின் ஆன்மாவைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினார்கள். இளவரசனுக்குக் கீழே செத்தவர்களைப் பற்றி எழுதியது, கணக்கில் இன்னொரு துறையாக, 'இந்தியாக்களின் விவகார'மாக ஒதுங்கிப்போனது.

லாஸ் காஸாஸின் 'சுருக்கமான விவரணை'யிலும் பெயர்கள் பெரும்பாலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'இந்தக் கொடுங்கோலன்', 'அந்தத் தலைவன்' என்றே போகிறது. பெயர் சொல்லாமைகள் எல்லாம் ஒன்றில்லை. மாக்கியவெல்லி அரசரின் பெயரைப் பயத்தால் விட்டார். டாஸிட்டஸ் பக்தர்கள் மாக்கியவெல்லியின் பெயரைத் தடையால் விட்டார்கள். லாஸ் காஸாஸ் பெயரை விட்டபோது குற்றம் ஒரு தனி ஆளின் தலையில் இறங்காமல் மொத்த ஏற்பாட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

7

இந்தப் பழக்கம் பேரரசோடு முடியவில்லை. 1830ல், சாவதற்குச் சில மாதம் முன்பு, சிமோன் பொலிவார் கார்த்தஹேனாவில் இருந்தார். தன் மேசைமேல் மாக்கியவெல்லியின் நூலைப் பார்த்துவிட்டு, நேரத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடலாமே என்று பொலிவார் சொன்னதாக உதவியாளர் ஓ'லியரி தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். பேச்சு வளர வளர அந்த நூல் பொலிவாருக்கு நன்றாகவே தெரியும் என்று புரிந்ததாம். சமீபத்தில் படித்தீர்களா என்று கேட்டால், இருபத்தைந்து வருடமாகத் தொடவில்லை என்று பதில். ஸ்பெயினை விரட்டிய விடுதலை வீரர், நான்கு வருடம் முன்பு பொலிவியாவுக்கு ஆயுட்கால ஜனாதிபதி கொண்ட அரசியல் சட்டம் எழுதியவர், ஸ்பெயினின் இந்தப் பழைய சடங்கை மட்டும் விரட்டவில்லை. தெரியும், ஆனால் வாசிப்பதில்லை!

பெயரைச் சொல்லி வாசிப்பது வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1962ல் ப்யூனோஸ் ஐரிஸில் ஹோசே அரிக்கோ, மாக்கியவெல்லி பற்றிய கிராம்சியின் சிறைக் குறிப்புகளை ஸ்பானிய மொழியில் கொண்டுவந்தார். அரசர்களுக்குத் தெரிந்ததை மாக்கியவெல்லி யாருக்காக எழுதினார்? தெரியாதவர்களுக்காக, ஆளப்படுகிறவர்களுக்காக என்பது கிராம்சியின் வாசிப்பு. அடுத்த வருடமே அரிக்கோவையும் அவர் நண்பர்களையும் அர்ஜென்டினக் கம்யூனிஸ்ட் கட்சி வெளியேற்றியது. 'நவீன இளவரசன்' என்று கிராம்சி கண்ட கட்சியே தன்னைப் பற்றிய புத்தகத்தைச் சகிக்கவில்லை.

தாக்கக் கணக்கு போடுகிறவர்கள் இந்த வருடங்களையெல்லாம் வரிசையாக எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு மிச்சமிருப்பது 1552ன் அந்த இரண்டு புத்தகங்கள்தான். அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவும், அது யார்மேல் வேலை செய்கிறது என்ற சாட்சியமும் வேறு வேறு அலமாரிக்குப் போய்விட்டால், முதலாவது தந்திரமாகவும் இரண்டாவது பரிதாபமாகவும் சுருங்கிவிடுகிறது. ஒரே மேசையில் வைத்து வாசிக்க வேண்டும். இந்த முறை ஹெர்ரேராவின் பேனா இல்லாமல்.